கீழே விடாத பிள்ளை

என் மகன் டிஜோவுக்குப் பத்து மாதம் ஆனபோது உட்காரத் தெரியாது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான். தவழத் தெரியாது. நிறுத்திப் பிடித்தால் காலை ஊன்ற மாட்டான். ஆனால் எங்கள் ஊரான கருங்கல்லின் சந்தையில் மீன்காரிகள் முதல் மருந்துக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கத் தெரியும். அப்பாவின் தோளில் சாய்ந்தபடியே அவ்வளவு ஊர் சுற்றியிருந்தான்.

"பிள்ளையக் கொஞ்சம் தறையில விடுங்க" என்று நான் சொல்லுவேன்.

"விடப்பிடாது" என்பார் என் கணவர் ஜெனித்.

"விடாம அவன் எப்படி நடப்பான்?"

"நடப்பான். நேரம் வரும்போ நடப்பான்."

இதுதான் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் நடந்த பேச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் பிடிக்காமல் போய்விட்டது.

விஷயத்தைச் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஜெனித்துக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. கல்ஃபில் விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தபோது அவருக்கு இருப்பது தெரிந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு எனக்குப் பார்த்தார்கள், எனக்கும் இருந்தது. அவருக்கு எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். சொன்னார். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். இரண்டு பேரும் மாத்திரை சாப்பிடுகிறோம், நன்றாக இருக்கிறோம். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறார், நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் தைரியம் சொன்ன பிறகுதான் டிஜோவைப் பெற்றேன். பிறந்தவுடனேயே அவனுக்கும் மருந்து கொடுத்தார்கள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஒன்றரை மாதத்தில் பார்த்ததிலும் ஆறு மாதத்தில் பார்த்ததிலும் கிருமி இல்லை. ஒரு வயதில் இன்னொன்று உண்டு. பதினெட்டு மாதத்தில் கடைசி டெஸ்ட். அதுவும் நல்லபடியாக வந்தால்தான் பிள்ளை தப்பிவிட்டான் என்று முடிவாகச் சொல்லுவார்கள்.

அந்தக் கடைசி டெஸ்டை மனதில் வைத்துத்தான் இந்த மனிதர் ஆண்டவருக்குப் பொருத்தனை செய்தார், நேர்ச்சை மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிஜோவின் ஞானஸ்நானத்தன்று, ஆராதனை முடியப் போகிற நேரத்தில், சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுந்துபோய் மைக்கை வாங்கினார். "எனக்க பிள்ளைக்கு ஒண்ணரை வயசு ஆவுறது வரைக்கும் அவனுக்க கால் தறையில படாது. மொதல்ல படுகது ஆண்டவருக்க பீடத்துக்கு முன்னாலதான்" என்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கோ, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை அவர்மேல் எறிந்தால் என்ன என்று இருந்தது.

ஒன்றரை வயதுக் கணக்கு எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து கிடைத்த பிள்ளை, அதற்கு நன்றியாக ஒரு பொருத்தனை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆனால் அன்று முதல் ஊரெல்லாம் எனக்குக் காவல் வந்துவிட்டது.

காவலுக்குத் தலைமை லீலாபாய் மயினி. ஜெனித்தின் அக்கா, அடுத்த வீடு, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பிள்ளையோடு முற்றத்தில் இறங்கினால் போதும், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலை எட்டிப் பார்க்கும்.

"ஏட்டி பெமிலா, பிள்ளையக் கீழ விட்டுராத கேட்டியா. ஆண்டவருகிட்டச் சொன்ன சொல்லு."

"மயினி, பத்து மாசமாச்சு. இன்னும் இருக்க மாட்டங்குதான்."

"அதுக்கென்ன? ஜெனித்தும் ரெண்டு வயசிலதான் நடந்தான். இப்ப மரத்துக்கு மரம் ஓடி ஓடி வெட்டுகான்லா?"

பிள்ளையோடு உள்ளே வந்துவிடுவேன்.

பொருத்தனை காலுக்குத்தானே, பாயில் கவிழ்த்துப் போடலாமே என்று ஜெனித்திடம் கேட்டேன். "பாய் எங்க கெடக்கு? தறையிலதானே கெடக்கு" என்றார். கட்டிலில் விட்டால் சுற்றிலும் தலையணையால் அணை கட்டிவிட்டு, பிள்ளை ஒரு தடவை முனகியதும் தூக்கிவிடுவார். பத்து மணிக்குப் பால் வெட்டு முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேராகப் பிள்ளையைத் தோளில் போடுவார். ஒரு கையால் சாப்பிடுவார். ஒரு கையால் ரப்பர் ஷீட் காயப் போடுவார். ரேஷன் கடை வரிசையிலும் பிள்ளை தோளில்தான். போதாததற்கு, தூசி படக்கூடாதாம், காலுக்கு எந்நேரமும் சாக்ஸ். கருங்கல் வெயிலில் சாக்ஸ். ராத்திரி தூங்கப் போடுவதற்கு முன்னால் அதைக் கழற்றுவதும் அவர்தான், வேறு யாரும் அந்தக் காலைத் தொடக்கூடாது. அந்தச் சாக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு பக்கம் சுஜி மேடம். மாதம் ஒருமுறை டிஜோவை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற இடத்தில் காட்ட வேண்டும். அங்கே பிசியோதெரபி பார்ப்பவர் சுஜி மேடம், எங்கள் விஷயம் தெரிந்தவர். என்னைவிட வயது குறைவு. முகம் சிரித்தபடி இருக்கும், கேள்வி மட்டும் போலீஸ் கேள்வி.

"நான் சொன்னதெல்லாம் வீட்டில செய்றீங்களா? குப்புறப் போடுறீங்களா? முன்னால பொம்மை வச்சு எட்ட விடுறீங்களா?"

"செய்யுதேன் மேடம்."

பொய்தான். பொருத்தனையைச் சொன்னால் படித்த பெண் சிரித்துவிடும் என்று பயம். ஜெனித்தை நான் எவ்வளவும் திட்டுவேன், இன்னொருத்தர் சிரித்தால் தாங்காது. அதனால் மாதாமாதம் பொய் சொன்னேன். சுஜி மேடம் பாவம், செய்தும் பிள்ளை தேறவில்லையே என்று இடுப்பு எக்ஸ்ரே, தைராய்டு, நரம்பு டாக்டர் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒவ்வொன்றும் சரி என்று வர வர, அப்படியானால் அந்தக் கிருமிதான் உள்ளே ஒளிந்திருந்து என் பிள்ளையின் காலைப் பிடித்துவைத்திருக்கிறது என்று எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது.

பத்தாம் மாதம் போனபோது சுஜி மேடம் டிஜோவைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, மெதுவாகப் பாயில் இறக்கினார். பாதம் பாயில் பட்டதுதான் தாமதம், சுட்டது போல இரண்டு காலையும் மேலே மடக்கிக்கொண்டான். மறுபடி இறக்கினார். மறுபடி மடக்கினான். சுஜி மேடம் அவனை மடியில் வைத்துக்கொண்டு சாக்ஸை உருவி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார்.

"பெமிலா, நேத்துப் பிறந்த பிள்ளையோட கால் மாதிரி இருக்கு. இவன் தரையைத் தொட்டே பார்த்ததில்ல. உண்மையச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்தது. "கிருமி இருக்குதா மேடம்? அதனாலதான் கால் வெளங்கலியா?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் ரெண்டு டெஸ்டும் இல்லன்னுதான் வந்திருக்கு. ஆனா கேளுங்க. இந்தக் கிருமி இருக்கிற அம்மாக்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள்ல சில பேருக்கு, கிருமி வராட்டாலும், கழுத்து நிக்கிறது, உட்காருறது, நடக்கிறது எல்லாம் கொஞ்சம் பிந்தும். எல்லாருக்கும் இல்ல. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல. அப்படிப் பிந்துற பிள்ளைய மத்த பிள்ளைகளவிட அதிகமாத்தான் தரையில விடணும். நீங்க அவனுக்குத் தரையே காட்டல. இப்படியே போனா அவன் நல்லா இருந்தும் நடக்காமப் போவான்."

அப்போதுதான் பொருத்தனையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் ஜெனித் வந்தார், பிள்ளையைத் தோளில் போட்டபடிதான். சுஜி மேடம் எனக்குச் சொன்னதையெல்லாம் பொறுமையாக அவருக்கும் சொன்னார். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "செரி மேடம். கடைசி டெஸ்ட் முடியட்டு. இன்னும் எட்டு மாசம்தானே" என்றார்.

"அந்த எட்டு மாசம்தாங்க முக்கியம். டெஸ்டுக்கும் தரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"சம்பந்தம் இல்லன்னு எனக்கும் தெரியும்" என்றார் ஜெனித். பிள்ளையின் சாக்ஸை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "இது என்னால வந்தது மேடம். எனக்கிட்ட இருந்து இவளுக்கு, இவகிட்ட இருந்து... பிள்ளைக்குன்னு நான் செய்யதுக்கு வேற என்ன இருக்கு? தூக்கிச் சுமக்கலாம். அதையும் விட்டுட்டு, டெஸ்ட் மாறி வந்துச்சுன்னா?" என்றார்.

சுஜி மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். பாவமாகவும் இருந்தது, மண்டையில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. அவர் செய்த தப்புக்கு அவர் சுமக்கட்டும், ஊரைச் சுற்றட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? அதற்கு என் பிள்ளையின் காலா கிடைத்தது?

மறுநாள் விடியுமுன் அவர் பால் வெட்டப் போனார். லீலாபாய் மயினி முந்திரி உடைக்கும் அண்டி ஆபீசுக்கு ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவார். மயினியின் கேட் சத்தம் கேட்டதும் நான் கதவைச் சாத்தினேன். டிஜோவின் சாக்ஸை உருவினேன். சிமெண்டுத் தரையில் கவிழ்த்துப் போட்டேன்.

எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். நானும் அதே சபையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆண்டவருக்குச் சொன்ன சொல்லை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். நாளைக்கு டெஸ்ட் மாறி வந்தால், நான் கீழே விட்டதுதான் காரணம் என்று ஜெனித் சொல்ல மாட்டார், ஆனால் நானே சொல்லிக்கொள்ளுவேன், சாகும்வரை. "ஆண்டவரே, பழி எனக்க பேரில இருக்கட்டு, பிள்ளைய ஒண்ணும் செய்யாதயும்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கத்திய கத்தலில், மயினி வழியிலிருந்து திரும்பி வந்துவிடுவாரோ என்று இருந்தது.

தினமும் அதே ஜெபம், தினமும் அதே கத்தல். பிறகு கத்தல் குறைந்தது. தலையைத் தூக்கி நிமிர்ந்து பார்த்தான். சுஜி மேடம் சொல்லிக் கொடுத்தபடி தொடையில் சாய்த்து உட்கார வைத்தேன், தையல் மெஷினின் நூல் உருண்டையை எட்டாத தூரத்தில் வைத்து ஆசை காட்டினேன். ஒரு நாள் அந்த நூல் உருண்டைக்காக வயிற்றால் இழைந்து போனான். ஒரு வயது டெஸ்டும் நல்லபடியாக வந்தது. எனக்குத் தைரியம் கூடியது, அவனுக்கும்தான். உட்கார்ந்தான், தவழ்ந்தான், மெஷினின் காலைப் பிடித்து எழுந்து நின்றான். வீட்டுக்குள் சலித்துப்போய் முற்றத்துக்கு வழி கண்டுபிடித்தான். எங்கள் முற்றம் முழுக்கச் செம்மண். தினமும் ஒன்பதரைக்குள் காலைக் கழுவி, துடைத்து, சாக்ஸ் மாட்டி, அப்பா வரும்போது ஒன்றும் அறியாத பிள்ளையாகத் தொட்டிலில் கிடத்துவேன். களவு செய்கிறவர்கள்கூட என்னளவு பாடுபட மாட்டார்கள்.

ஒரு நாள் மாட்டிக்கொள்ள இருந்தேன். எட்டு மணிக்கே மழை பிடித்துவிட்டது. மழையில் பால் வெட்ட முடியாதென்பது எனக்குத் தோன்றவில்லை. டிஜோ முற்றத்து ஓரத்தில் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே ஜெனித்தின் சைக்கிள் சத்தம். பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, கழுவ நேரமில்லாமல் சேற்றுக் காலின் மேலேயே சாக்ஸை இழுத்து மாட்டினேன். அவர் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். பகல் முழுக்க இறக்கவில்லை. நான் சோற்றை வடிக்கும்போதும் அவர் தோளில் தொங்கிய அந்தச் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ராத்திரி அதைக் கழற்றுவார், வீடு இரண்டாகப் போகிறது என்று ஒரு சண்டைக்கே தயாராக இருந்தேன்.

அவர் கழற்றினார். பிள்ளையைத் தூங்கப் போட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நான் பார்த்தபோது பாதம் சுத்தமாக இருந்தது. மண் காய்ந்து சாக்ஸிலேயே உதிர்ந்துபோயிருக்கும், மங்கின வெளிச்சத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

பதினெட்டாம் மாதம் வந்தது. கடைசி டெஸ்ட். முடிவைச் சொல்லக் கூப்பிட்டபோது ஜெனித்தின் முகத்தில் இரத்தமே இல்லை. "நெகட்டிவ். இனி பிள்ளையக் கொண்டுவர வேண்டாம், உங்க மாத்திரைக்கு மட்டும் வாங்க" என்றார்கள். அவர் வெளியே வந்து, பிள்ளையின் வயிற்றில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன். எனக்கு இரட்டை அழுகை, ஒன்று பிள்ளைக்கு, ஒன்று என் தலையில் விழாமல் போன அந்தப் பழிக்கு.

அடுத்த ஞாயிறு கோயிலில் கூட்டம். லீலாபாய் மயினி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். போதகர் ஜெபித்த பிறகு, ஜெனித் பீடத்துக்கு முன்னால் முட்டுக்குத்தி, சாக்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிள்ளையைத் தரையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். டிஜோ கொஞ்சம் ஆடினான், நின்றான், நடந்தான். பீடத்தின் பக்கம் போகவில்லை. பூச்சாடியிலிருந்து விழுந்து கிடந்த ஒரு பூவைப் பார்த்துப் போய், குத்தவைத்து உட்கார்ந்து, அதை எடுத்து வாயில் போட்டான்.

சபை எழுந்து நின்றது. "தரையே காணாத பாதம் இன்றைக்கு நடக்கிறது" என்று போதகர் சொன்னார். மயினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாட்டி? நீ எத்தனை நாள் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நடந்தே? பொருத்தனைக்குள்ள பெலன் இதுதான்" என்றார். முதல்முறையாகத் தரையைப் பார்க்கிற பிள்ளை இப்படிக் குத்தவைத்து உட்காருமா என்று அந்தக் கோயிலில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். என்ன செய்ய?

ஆராதனை முடிந்து ரப்பர் தோட்டத்து வழியாக வீட்டுக்கு நடந்தோம். டிஜோ மறுபடியும் அவர் தோளில். எனக்கு வாய் நமநமத்தது. எப்படியும் ஒரு நாள் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தொடங்கினேன்.

"உங்ககிட்ட ஒண்ணு பறயணும். பிள்ளைய நான்..."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"சாக்ஸ் கழத்துகது நான்தானே பெமிலா. நெகத்துக்குள்ள செம்மண்ணு இருக்கும். நீ கழுவினாலும் போவாது. ராத்திரி நீ உறங்கின பெறவு ஈரத்துணி வச்சுத் தொடைச்சு எடுப்பேன். அக்காக்க கண்ணுல பட்டிரப்பிடாதுன்னு."

"மழை பெய்ஞ்ச அன்னைக்கு?"

"அன்னைக்குக் கொஞ்சம் கூடுதலு" என்றார்.

நான் நின்றுவிட்டேன். "பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நான் அறிஞ்சதாப் போவும். அறிஞ்சா தடுக்கணும். தடுக்க எனக்கு மனசு வரல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, "தொடைக்கும்போ ஒவ்வொரு நாளும் ஆண்டவருகிட்டச் சொல்லுவேன், பழி எனக்க பேரில இருக்கட்டுன்னு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரே வீடு, ஒரே கட்டில். காலையில் ஒருத்தி பழியைக் கேட்கிறாள், ராத்திரி ஒருத்தர் அதே பழியைக் கேட்கிறார், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல். "எட்டு மாசம் நான் ஒருத்தியா நடுங்கினேன்" என்றேன். "பக்கத்தில படுத்துக்கிட்டு நீங்களும் அதையே செய்திருக்கீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயத் தொறந்திருந்தா நாம ரெண்டு பேருமா இருந்து பயந்திருக்கலாம்லா?" அழுகை வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

அவர் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கீழ விடுங்க" என்றேன்.

"வழியெல்லாம் கல்லு கெடக்கு."

"கெடக்கட்டு. கீழ விடுங்கன்னு சொன்னேன்லா."

குனிந்து பிள்ளையைச் செம்மண்ணில் விட்டார். டிஜோ திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தான். ஜெனித்தின் கை இரண்டும் வெறுமனே தொங்கின, அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என் கையிலிருந்த பையை அந்தக் கையில் கொடுத்துவிட்டு நான் பிள்ளையின் பின்னால் போனேன்.